மூன்று எழுத்தும் ஒரு தட்டும்

"அம்பு எங்கே இருக்கு?"

2020-ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் மயூர் விஹார் வீட்டில் அதிகம் ஒலித்த கேள்வி இதுதான். கேட்பவன் நான். பதில் சொல்பவள் என் மனைவி. அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்து, "வலது பக்கம் மேல் மூலையில இருக்குங்க... இல்ல இல்ல, இப்ப கீழ போயிடுச்சு" என்பாள். நான் மவுஸை அசைப்பேன். அம்பு ஓடிவிடும். மறுபடியும் கேள்வி, மறுபடியும் பதில். இதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

கம்ப்யூட்டர் திரையில் மவுஸின் அம்புக்குறியைக் கண்டுபிடிக்க ஒரு மனுஷனுக்கு மனைவியின் துணை தேவைப்படுமா என்று சிரிக்கவேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது. 2019-இல் கிளாக்கோமா என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு நலிந்துபோகும் நோய். நேரே இருப்பது தெரியும். பக்கங்கள்தான் மெல்ல மெல்ல மறையும். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் சோதனை உண்டு. நான் வெகுநேரம் பொத்தானை அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். புள்ளியே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார்கள். இன்றும் ராத்திரி தவறாமல் விட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு புத்தகம் படிக்கலாம். வரி இருக்கும் இடம் தெரியும், அதையே பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் அகலமான திரையில் எங்கோ கிடக்கும் ஒரு சின்ன அம்பைத் தேடுவது, கும்பமேளாவில் தொலைந்த குழந்தையைச் சாவித்துவாரம் வழியாகத் தேடுகிற கதைதான்.

என் வருத்தத்துக்கு வேறு காரணமும் இருந்தது. நான் விரலை நம்பி டெல்லிக்கு வந்தவன்.

நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை சொல்லாமலே தெரியும். மாயவரத்தில் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை 6 மணி வகுப்பு. லோயர், ஹையர், பிறகு ஷார்ட்ஹேண்ட். வாத்தியார் கையில் ஸ்கேலுடன் பின்னால் நிற்பார். கீழே குனிந்து எழுத்தைப் பார்த்தால் முட்டியில் ஒரு போடு. ஹையர் பாஸ் பண்ண நிமிஷத்துக்கு 45 வார்த்தை வேண்டும். அந்தத் தகுதியோடு 1978-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, கரோல்பாகில் நாலு பேர் தங்கிய ஒரு அறையில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து, மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோவாக உட்கார்ந்தேன். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. விரல்தான் பேசியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டாஸ் காலம். இயந்திரத்தைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். ஒன்று வேர்ட்ஸ்டார், இரண்டு லோட்டஸ், மூன்று டிபேஸ். ஒன்றை அழுத்தி என்டர் தட்டினால் வேர்ட்ஸ்டார் திறக்கும். இதைப் பெரிய வித்தை என்று எண்ணி நான் பயபக்தியுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த பையன் ஒருநாள் ரகசியத்தை உடைத்தான். '1' என்ற பெயரிலேயே ஒரு குட்டிக் கோப்பு இருக்கிறது, அதற்குள் வேர்ட்ஸ்டாரைத் திற என்று ஒரு வரி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் சார் என்றான். அன்றைக்கே நாலாவதாக ஒன்றை நானே எழுதிச் சேர்த்தேன். என் அதிகாரி பார்த்துவிட்டு, "மதராஸிகள் பொல்லாதவர்கள்" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு விண்டோஸ் வந்தது, மவுஸ் வந்தது. எங்கள் பிரிவு அலுவலர் மவுஸ் பிடிக்கப் பழகுகிறேன் என்று ஆறு மாதம் சீட்டு விளையாடினார். நான் முணுமுணுத்துக்கொண்டே பழகினேன். எழுதும்போது கை நடுவில் எழுந்து மவுஸுக்குப் போய்த் திரும்பவேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் மட்டும் 2017-இல் ஓய்வு பெறும்வரை போகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் சந்தாக் கணக்கும் என்னிடம் வந்தன. 600-க்கு மேற்பட்ட பெயர்கள். யார் சந்தா கட்டினார், யார் வீடு மாறினார், யார் காலமானார், யார் பிள்ளையோடு பெங்களூர் போய்விட்டார், எல்லாம் அதில்தான். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ராத்திரி 2 மணிக்கு, "சார், ஆர்.கே.புரத்தில் நம்ம ஆட்கள் யார் நம்பர் இருக்கு?" என்று எனக்குத்தான் போன் வரும். 2020-இல் அப்படி எத்தனை போன்கள் வந்தன என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அந்த வருஷம்தான் என் கண்ணும் மோசமானது. ஒருமுறை ஒரு நம்பரைத் தேடி எடுக்க எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பக்கம் காத்திருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் என்னைத் தைத்தது. மறுநாளே செயலாளருக்கு, பதிவேட்டை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதினேன். அதை அச்சிடுவதற்கும் மனைவிதான் அம்பைக் காட்டினாள்.

கடிதத்தைப் பிரிண்டரிலிருந்து எடுத்து வந்தவன் என் பேரன். அப்போது பிளஸ் டூ முடித்திருந்தான். டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், ஆனால் எழுத்து வாசிக்க வராது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துவிட்டான்.

"ஏன் தாத்தா கொடுக்கறீங்க?"

"அம்பு தெரியலைடா."

"அம்பு எதுக்கு? உங்களுக்குத்தான் பார்க்காமலே டைப் பண்ண வருமே."

வீட்டில் 2014-இல் நேரு பிளேஸில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் அதில் மாட்டுவண்டி போல நகர்ந்துகொண்டிருந்தது. பையன் என் கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு அதில் லினக்ஸைப் போட்டான். டெபியன் என்ற வகை. காசு கிடையாது. அதற்குமேல் டிமெனு என்ற ஒரு குட்டி நிரலைச் சேர்த்தான். இந்தக் கட்டுரையே அந்தக் குட்டியைப் பற்றியதுதான்.

டிமெனு 2006-இல் வெளிவந்தது. அன்செல்ம் கார்பே என்ற ஜெர்மானியரும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதியது. நிரல் என்றால் சின்னதாக, தேவையானதை மட்டும் செய்வதாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற கூட்டம் அது. சாளரங்களை அடுக்கி வைக்க அவர்கள் எழுதிய டிடபிள்யூஎம் என்ற நிரல் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கோடு போட்டுக்கொண்டவர்கள். அதற்குத் துணையாகப் பிறந்ததுதான் டிமெனு. இப்போது எல்லா இடத்திலும் தனியாகவும் ஓடுகிறது.

அது செய்வது இதுதான். நான் கீழ் வரிசையில் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டுகிறேன். (எந்த விசை என்பது நாம் வைத்துக்கொள்வது.) திரையின் உச்சியில், எப்போதும் அதே இடத்தில், ஒரு பட்டை வருகிறது. கம்ப்யூட்டரில் உள்ள கட்டளைகள் அத்தனையும் அதற்குள் வரிசையாகக் காத்திருக்கும். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நான் ஓர் எழுத்தை அடித்ததும் பொருந்தாதவை விலகிவிடும். இரண்டாவது எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் விலகும். மூன்றாவது எழுத்துக்குப் பெரும்பாலும் நான் தேடியது முன்னால் வந்து நிற்கும். என்டர் தட்டினால் திறக்கும். முன்னால் வரவில்லையென்றால் அம்பு விசையால் நகர்த்திக்கொள்ளலாம். மனம் மாறினால் எஸ்கேப். பட்டை மறைந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. முழுச் சொல்லும் பொருந்தினால் அது முதலில் வரும். அடுத்து, நாம் அடித்த எழுத்தில் தொடங்குபவை. அதற்கும் பிறகு, நடுவில் எங்காவது அந்த எழுத்துகள் உள்ளவை. ஆகவே 'ஃபாக்ஸ்' என்று பின்பாதியை அடித்தாலும் ஃபயர்ஃபாக்ஸ் கிடைக்கும். தலை மறந்து வால் மட்டும் நினைவிருக்கும் என் வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுத்து அளவு, நிறம் எல்லாம் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். பையன் கறுப்பில் மஞ்சள் எழுத்து, 28 அளவு என்று வைத்துக் கொடுத்தான். பக்கவாட்டில் ஓடாமல் கீழே எட்டு வரியாக இறங்கும்படியும் செய்தான். கண் ஒரே இடத்தில் நிற்கிறது, வேண்டியது அதனிடம் வருகிறது. அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிடாமல் நானே ஒரு மின்னஞ்சல் திறந்து பதில் எழுதி அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. அரைமணி கழித்து அவளே வந்து, "என்ன, இன்னிக்கு அம்பைத் தேடலியா?" என்று கேட்டாள்.

எல்லாம் சுகமாகப் போயிற்று என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். முதல் வாரத்தில் தேதி பார்க்கலாம் என்று 'டேட்' என்று அடித்து என்டர் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். நிசப்தம். இயந்திரம் போயிற்று என்று பதறினேன். பிறகுதான் விளங்கியது: அது தேதியைச் சொல்லிவிட்டது, ஆனால் சொன்னதைக் காட்ட ஒரு சாளரம் இல்லை. சில கட்டளைகள் கறுப்புத் திரையில் பதில் எழுதும் ரகம். அவற்றை டிமெனு வழியாக ஏவினால் பதில் காற்றோடு போய்விடும்.

இரண்டாவது விபத்து பெரியது. டாஸ் காலத்து ஞாபகத்தில் நானும் பேரனும் சில குட்டிக் கட்டளைகளுக்குத் தமிழ்ப் பெயராகவே வைத்திருந்தோம், ஆங்கில எழுத்தில். 'கணக்கு' என்றால் கணக்குத்தாள் திறக்கும். 'சந்தா' என்றால் சந்தாப் பட்டியல். 'மூடு' என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். குறிப்பு எழுத நான் பயன்படுத்தும் நிரலின் பெயர் மவுஸ்பேட். (மவுஸை ஒழித்த வீட்டில் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) வழக்கமாக எம், ஓ, யூ, எஸ் என்று நான்கு எழுத்து அடித்து என்டர் தட்டுவேன். பொதுக்குழுவுக்கு முந்தைய நாள் மத்தியானம், அவசரத்தில் எம், ஓ என்று இரண்டோடு என்டர் தட்டிவிட்டேன். அகர வரிசையில் 'மூடு' முன்னால் நிற்கிறது. எம், இரண்டு ஓ. கேட்காமல் கொள்ளாமல் கம்ப்யூட்டர் அணைந்தது. காலையிலிருந்து ஏற்றிய சந்தா வரவுகள் திறந்தபடியே இருந்தன.

கொஞ்சம் மீண்டது. லிப்ரே ஆபீஸ் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். கடைசியாக ஏற்றியவை மட்டும் போயின. ரசீதுக் கட்டைகளை மறுபடி பிரித்து, மனைவி வாசிக்க, நான் அடித்து, ராத்திரி 11 மணிக்கு முடித்தோம். டிமெனு சொன்னதைச் செய்யும், "நிஜமாகவா?" என்று கேட்காது. அதை யாராவது கேட்க வைக்கவேண்டும்.

பேரன் கேட்க வைத்தான். எப்படித் தெரியுமா? அதே டிமெனுவை வைத்தே. இப்போது 'மூடு' என்றால் இரண்டாவதாக ஒரு பட்டை வருகிறது. அதில் இரண்டே வரிகள்: வேண்டாம், சரி. முதலில் நிற்பது 'வேண்டாம்'. கை தவறி என்டர் தட்டினாலும் ஆபத்தில்லை.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த நிரலின் சூட்சுமம் பிடிபட்டது. கட்டளைகளின் பட்டியல் என்று ஒன்று அதற்குள் கிடையாது. எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், நாம் தேர்ந்தெடுத்த வரியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். முன்னால் யார் பட்டியல் தருகிறார்கள், பின்னால் யார் பதிலை வாங்குகிறார்கள் என்பது அதற்கு அநாவசியம். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவர் சமையல் எங்கே நடந்தது என்று விசாரிப்பதில்லை, அது போல.

"அப்படின்னா, நம்ம மெம்பர் லிஸ்டைக் கொடுத்தா?" என்றேன். பையன் என்னை ஒருமாதிரி பார்த்தான். "தாத்தா, நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

ஒரு வரிக்கு ஓர் உறுப்பினர். பெயர், பேட்டை, தொலைபேசி எண். தேர்ந்தெடுத்த வரி மட்டும் பெரிய எழுத்தில் தனிச் சாளரத்தில் வரும்படி செய்தான். முதல் நாள் யார் பெயரும் கிடைக்கவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று டிமெனு பேதம் பார்க்கும். பார்க்காதே என்று தனியாகச் சொல்லவேண்டும். அதைச் சொன்ன பிறகு வழிக்கு வந்தது. நம் பட்டியலில் உள்ள பெரிய தொல்லை சுப்பிரமணியன்கள். ஒருவர் 'எம்'மில் முடிப்பார், ஒருவர் 'என்'னில். ஒருவருக்குப் பாலா முன்னால், ஒருவருக்குச் சிவா. இப்போது 'சுப்' என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, 'ஆர்.கே' என்று அடித்தால் ஆர்.கே.புரத்துச் சுப்பிரமணியன்கள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். இடைவெளி விட்டு அடிக்கும் துண்டுகள் வரியில் எங்கே இருந்தாலும், எந்த வரிசையில் இருந்தாலும் பொருந்தும். ராத்திரி போன் வந்தால் எதிராளி பேசி முடிப்பதற்குள் நம்பர் சொல்லிவிடுகிறேன்.

அழைப்பிதழ் உறைகளில் பெயரைத் தமிழில் எழுதுவது நம் சங்கத்தின் வழக்கம். ஆகவே ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் சேர்த்தேன். சேர்த்துவிட்டுப் பட்டையைத் திறந்தால், எழுத்துகள் கலைந்து கிடந்தன. 'கேசவன்' என்ற பெயரில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஒற்றைக் கொம்புக்கும் ஐகாரத்துக்கும் அதே கதி. "பார்டா, தப்பா வருது" என்றேன். பேரன் பார்த்தான். "எது தாத்தா தப்பு?"

அவனுக்குத் தெரியவில்லை. சரியாக இருந்தாலும், கலைந்து கிடந்தாலும் அவனுக்கு அது ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். க எழுதினேன். கே எழுதினேன். வாயால் சொல்லும்போது முதலில் மெய்யும் பிறகு உயிரும், ஆனால் எழுதும்போது கொம்பு முதலில் என்று காட்டினேன். தமிழ் டைப்ரைட்டரில் தாளில் விழுகிற வரிசையிலேயே கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். யூனிகோட் வேறு மாதிரி; சொல்கிற வரிசையில் எழுத்தை முதலில், கொம்பை அடுத்து என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடம் மாற்றி வைப்பது காட்டுகிற நிரலின் வேலை. டிமெனுவுக்கு அந்த வேலை தெரியாது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒட்டிவிடுகிறது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். எது கோணல் என்று காட்டியது மட்டும் நான். அவன் தேடிப்பிடித்து ரோஃபி என்ற இன்னொரு நிரலைக் கொண்டுவந்தான். டிமெனு செய்வதை அதுவும் செய்யும். பாங்கோ என்ற எழுத்துக் கோக்கும் நூலகம் அதற்குள் இருப்பதால் தமிழ் ஒழுங்காக வருகிறது. உறுப்பினர் பட்டியலுக்கு ரோஃபி, மற்றதற்கு டிமெனு என்று இப்போது இரண்டும் ஓடுகின்றன. சின்னது நல்லது என்கிற அந்த ஜெர்மன் கொள்கையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கொம்பை இடம் மாற்றி வைக்கத் தெரியாத சின்னத்தனம் நமக்குக் கட்டுப்படியாகாது.

லினக்ஸ் இல்லாதவர்கள் ஏங்கவேண்டாம். விண்டோஸில் விண்டோஸ் விசையை மட்டும் தட்டிவிட்டு, எங்கும் கிளிக் செய்யாமல் நேரே பெயரை அடித்துப் பாருங்கள். ஆப்பிளில் கமாண்டும் ஸ்பேஸும். ஸ்பாட்லைட் என்ற பெயரில் 2005 முதல் இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். டிமெனு எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்காக எழுதப்பட்டது. வேலண்ட் என்ற புதிய அமைப்பில் ஓடும் இயந்திரமென்றால் ஃபஸல், பிமெனு போன்றவற்றைப் போட்டுக்கொள்ளலாம். டெபியனில் டிமெனு தன் பெயரில் கிடைக்காது. சக்லெஸ்-டூல்ஸ் என்ற மூட்டைக்குள் இருக்கும். இதைத் தேடி பையன் அரைநாள் செலவழித்தான்.

செயலாளருக்கு எழுதிய கடிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பேரன் அதைத் தபாலில் சேர்க்கவே இல்லை என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போன பொங்கல் விழாவுக்கு உறைகளில் பெயர் ஒட்டும்போது ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான். நான் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடிக்க, பட்டையில் வந்த தமிழ்ப் பெயரை அவன் எழுத்துக்கூட்டி வாசித்து, அந்த உறையை எடுத்துக் கொடுத்தான். கோவிந்தராஜனை மட்டும் மூன்று தடவை வாசித்தான். கொம்பும் காலும் ஒரே எழுத்துக்கா தாத்தா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கௌசல்யா இன்னும் வரவில்லை, பட்டியலில் கீழே இருந்தாள்.